கடல் அட்டைக்குள் ஒரு சங்கு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்து ஆண்டுகளாக இந்த வட்டத்தின் மேடையில் கவிதை பற்றியும் உரைநடை பற்றியும் அறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். விலங்கியல் கற்பித்தே காலத்தைக் கழித்த என்னை அழைத்தபோது செயலாளர் ஒரு நிபந்தனை விதித்தார். "உங்கள் துறையிலிருந்தே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, கவிதையைப் பற்றிப் பேச எங்களிடம் ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள்" என்றார். அவருடைய வெளிப்படையான பேச்சை நான் மதிக்கிறேன். ஆகவே இன்று ஒரு நத்தையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நத்தை என்றவுடன் உங்கள் மனக்கண்ணில் ஓர் ஓடும், அதிலிருந்து தலைநீட்டும் இரண்டு கொம்பும், மெல்ல ஊரும் ஒரு பாதமும் தோன்றியிருக்கும். நான் கூறப்போகும் நத்தைக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. வளர்ந்த நிலையில் அது ஒரு குழாய்; முறுக்கிய நூல்போன்ற ஒரு குழாய். அது வாழ்வது கடலில் என்றும் சொல்லிவிட முடியாது; கடலில் வாழும் வேறொரு பிராணியின் வயிற்றுக்குள் வாழ்கிறது. அதன் அறிவியற்பெயர் என்டோகாங்கா மிராபிலிஸ். முதற்சொல்லுக்கு 'உள்ளிருக்கும் சங்கு' என்பது பொருள். இரண்டாவது சொல்லுக்கு 'வியப்புக்குரியது' என்பது பொருள். இந்தப் பெயரை இட்டவர் யோகான்னஸ் மியூலர் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர். அவர் வியந்ததற்கும் தயங்கியதற்கும் பின்னே இருக்கும் கதை, சொல்லைத் தொழிலாகக் கொண்ட உங்களுக்கு உரியது என்று கருதுகிறேன்.

1851ஆம் ஆண்டுக் கோடையில் மியூலர் திரியெஸ்த் நகரத்துக்கு வந்தார். இன்று இத்தாலியில் உள்ள அந்நகரம் அன்று ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகம். மியூலருக்கு அப்போது ஐம்பது வயது. பெர்லின் பல்கலைக்கழகத்தில் 1833 முதல் உடற்கூறும் உடலியங்கியலும் கற்பித்து வந்தவர். அவருடைய உடலியங்கியல் கையேடு ஐரோப்பா முழுவதும் பயிலப்பட்டது. உயிரணுக் கொள்கையை விலங்குகளுக்கு விரித்த சுவான், நோய்க்கூறு இயலின் தந்தை எனப்படும் விர்க்கோ, இயற்பியலிலும் புகழ் கொண்ட ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் அவருடைய மாணாக்கர். இவ்வளவு பெயர் பெற்ற ஒருவர், நடுவயதுக்குப் பின், ஆய்வுக்கூடத்தை விட்டுக் கடற்கரைக்கு வந்து, மெல்லிய துணிவலையைப் படகின் பின்னே இழுத்து, அதில் சிக்கும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். கோடை விடுமுறைதோறும் இதுவே அவருக்கு வேலை.

அவர் அவ்வாண்டு தேடியது சினாப்டா என்னும் பிராணியை. அது கடல் அட்டை இனத்தைச் சேர்ந்தது. இராமநாதபுரக் கடற்கரையை அறிந்தவர்களுக்குக் கடல் அட்டையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுத்து, வேகவைத்து, உலர்த்திக் கிழக்கு நாடுகளுக்கு அனுப்பிய பொருள் அது. 2001ஆம் ஆண்டில் இந்திய அரசு அதைப் பிடிப்பதைத் தடை செய்தது. நாம் அதற்கு இட்ட பெயரைச் சற்றே கவனியுங்கள். அட்டை என்றால் குருதி உறிஞ்சுவது. கடல் அட்டையோ எவருடைய குருதியையும் உறிஞ்சுவதில்லை. மணலையும் சேற்றையும் விழுங்கி, அதிலுள்ள அழுகற்பொருளை உண்டு, தூய மண்ணை வெளியேற்றும் அப்பாவிப் பிராணி. உருவத்தைப் பார்த்தோம், பெயரைச் சூட்டினோம். இந்த அவசரத்துக்குப் பின்னர் வருகிறேன்.

மியூலர் தேடிய சினாப்டா நம் கடல் அட்டையைப்போலத் தடித்தது அன்று. சேற்றில் புதைந்து வாழும், புழுப்போல் நீண்ட, ஒளி ஊடுருவும் மெல்லுடல். அதன் தோலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஒரு காட்சி கிட்டும்: தோலெங்கும் சின்னஞ்சிறு நங்கூரங்கள். உருவகமாகச் சொல்லவில்லை. தண்டும், வளைந்த இரு கொக்கியும், பொருந்தி நிற்க ஒரு துளைத்தட்டும் உடைய சுண்ணாம்பு நங்கூரங்கள், ஒரு துறைமுகத்துக்கே போதுமான எண்ணிக்கையில் இருக்கும். சேற்றைப் பற்றிக்கொள்ள அவை உதவுகின்றன. இத்தனை நங்கூரம் இருந்தும், கையில் எடுத்தால் இப்பிராணி தன்னைத்தானே இறுக்கித் துண்டு துண்டாக அறுத்துக்கொள்ளும். எனவே ஆய்வாளருக்கு முழு உடல் கிடைப்பது அரிது, துண்டுகளே கிடைக்கும்.

அத்துண்டுகள் சிலவற்றுள் மியூலர் ஒரு குழாயைக் கண்டார். அதன் ஒரு முனை கடல் அட்டையின் குடலை ஒட்டி ஓடும் குருதிக் குழாயோடு இறுகப் பொருந்தியிருந்தது. மறுமுனை உடற்குழியில் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் அதை அவர் சினாப்டாவின் உறுப்புகளுள் ஒன்றாகவே எண்ண இடமிருந்தது. அக்குழாயைக் கீறிப் பார்த்தார். உள்ளே முட்டைகள் இருந்தன, விந்தணுக்களும் இருந்தன. முட்டைகளுக்குள் வளர்ந்துகொண்டிருந்த குஞ்சுகள் கடல் அட்டையின் குஞ்சுகளாக இல்லை. ஒவ்வொன்றுக்கும் சுருண்ட ஓடு ஒன்று. ஓட்டின் வாயை அடைக்க ஒரு மூடி. ஊர்வதற்கு ஒரு பாதம். ஐயத்துக்கு இடமின்றி அவை நத்தைகள்.

ஆட்டை அறுத்தவன் அதன் கருப்பையில் கோழிக்குஞ்சுகளைக் கண்டால் என்ன நினைப்பான்? மியூலரின் நிலை அதுவே. முட்தோலிகள் என்னும் பெரும்பிரிவைச் சேர்ந்தது கடல் அட்டை. மெல்லுடலிகள் என்னும் பெரும்பிரிவைச் சேர்ந்தது நத்தை. ஆட்டுக்கும் கோழிக்கும் உள்ள தொலைவைக் காட்டிலும் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு மிகமிகப் பெரிது.

இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம், அந்தக் குழாய் ஓர் ஒட்டுண்ணி என்று. மியூலருக்கும் அவ்வெண்ணம் தோன்றாமல் இல்லை. ஆனால் ஒட்டுண்ணி என்றால் எதன் ஒட்டுண்ணி? நத்தை என்று சொல்ல அந்தக் குழாயில் நத்தைக்குரிய ஓர் உறுப்பும் காணவில்லை. ஓடு இல்லை, பாதம் இல்லை, கண் இல்லை. அதுவுமன்றி, கடல் அட்டையின் குருதிக் குழாயோடு அது பிறவியிலேயே சேர்ந்ததுபோல் பொருந்தி நின்றது. தாயைப் பார்த்தால் நத்தை என்று சொல்ல முடியாது. சேயைப் பார்த்தால் நத்தை அல்ல என்று சொல்ல முடியாது.

அவருடைய தயக்கத்தைப் புரிந்துகொள்ள அக்காலத்து அறிவுலகத்தையும் நினைக்க வேண்டும். தாயும் சேயும் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்ற நம்பிக்கை அப்போதுதான் ஆட்டம் கண்டிருந்தது. அதை முதலில் அசைத்தவர் ஒரு கவிஞர் என்பதை இந்த அவையில் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. தன் நிழலை விற்றுவிட்ட மனிதனைப் பற்றி 1814இல் கதை எழுதிப் புகழ்பெற்ற அடால்பெர்ட் ஃபொன் ஷமிஸ்ஸோ, ருஷ்யக் கப்பல் ஒன்றில் உலகைச் சுற்றி வந்தபோது சால்ப் என்னும் கண்ணாடி போன்ற கடலுயிரைக் கவனித்தார். அது ஒரு தலைமுறையில் தனித்து வாழ்கிறது. அடுத்த தலைமுறையில் சங்கிலியாய்க் கோத்துக்கொண்டு வாழ்கிறது. மகள் தாயைப்போல் இல்லாமல் பாட்டியைப்போல் இருக்கிறாள் என்று 1819இல் எழுதினார். கவிஞர் சொன்னதாயிற்றே என்று பலர் நம்பவில்லை. 1842இல் டென்மார்க்கின் ஸ்டீன்ஸ்ட்ரூப் இத்தகைய தலைமுறை மாற்றத்தை மேலும் பல உயிர்களில் எடுத்துக்காட்டியபின் நம்பினர்.

மியூலருக்கே இத்தகைய அனுபவம் உண்டு. 1840களின் நடுவில் வடகடலின் ஹெலிகோலாந்துத் தீவில் அவர் வலையில் ஒரு விந்தை உயிர் சிக்கியது. சிறு மரச்சட்டம் போன்ற கைகளை விரித்து மிதந்த அதற்குப் 'புளூட்டியஸ் பாரடாக்ஸஸ்' என்று பெயரிட்டார். பின்னர்தான் அது நட்சத்திர மீனுக்கு உறவான ஒரு பிராணியின் இளவுயிரி என்று தெரிந்தது. ஒன்றுக்கொன்று சிறிதும் ஒவ்வாத உருவங்களுள் தாயும் சேயும் ஒளிந்திருப்பதைத் தம் கண்ணால் பார்த்த மனிதர், கடல் அட்டைக்குள் நத்தை பிறப்பது நடவாத காரியம் என்று எப்படி உடனே சொல்லிவிடுவார்?

அவருடைய எண்ணம் இன்னும் ஆழமாகவும் சென்றது. பூமியின் படிவப் பாறைகளில் புதுப்புது உயிரினங்கள் காலந்தோறும் தோன்றியிருப்பது உறுதி. ஆனால் ஓரினம் தோன்றுவதை எவரும் நேரில் கண்டதில்லை. ஒருவேளை நாம் காண்பது அதுதானோ? டார்வினின் நூல் வெளிவருவதற்கு முந்தைய காலத்தில் ஒரு நேர்மையான அறிஞரின் நெஞ்சில் எழுந்த கேள்வி இது. 1852இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே 'சினாப்டா டிஜிடாட்டாவைப் பற்றியும் கடல் அட்டைகளில் நத்தைகள் தோன்றுவதைப் பற்றியும்' என்ற பொருளில் அமைந்தது. நூலில் அவர் இரு வழியையும் எடைபோட்டார். எதிலும் கால் ஊன்றவில்லை. கண்டதைக் கண்டவாறு, அளவோடும் வரைபடத்தோடும் எழுதிவைத்தார்.

அந்த நூலை நான் பெரிதாக மதிக்கக் காரணம் இதுவே. விளக்கம் கைகூடாத இடத்தில் காட்சியைத் திருத்திவிடும் பழக்கம் ஆய்வாளருக்கும் உண்டு, கவிஞருக்கும் உண்டு. 'குழாய் குருதிக் குழாயோடு பொருந்தியிருந்தது' என்ற வரியைச் சற்றே மென்மையாக்கி, 'ஒட்டிக்கொண்டிருந்தது' என்று எழுதியிருந்தால் ஒட்டுண்ணி என்ற விடை தானே விழுந்திருக்கும். அவரும் தூங்கியிருப்பார். பொருந்தியிருந்ததைப் பொருந்தியிருந்தது என்றே எழுதினார். தம் புகழுக்கு நேரக்கூடிய இழுக்கைப் பொருட்படுத்தவில்லை.

விடையை அவர் காணவில்லை. 1855இல் நார்வேயிலிருந்து திரும்பும் வழியில் கப்பல் மூழ்கி உடன்வந்த மாணவரைக் கடலுக்குக் கொடுத்தார். தாம் நீந்திப் பிழைத்தார். 1858இல் இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு டார்வினின் நூல் வந்தது. 1864இல் ஆல்பெர்ட் பௌர் என்பவர் சினாப்டாவை மீண்டும் ஆராய்ந்து, அந்தக் குழாயே நத்தை, அது உடலுக்குள் புகுந்து வாழும் நத்தை என்று கூறி, அதற்குப் புதிதாக ஒரு பெயரும் இட்டார். அந்தப் பெயருக்கு என்ன நேர்ந்தது என்பதை இறுதியில் சொல்கிறேன்.

குழாய் எப்படி நத்தையாகும் என்ற கேள்வி உங்களுக்கு எழும். அதன் உறவினரைப் பார்த்தால் விளங்கும். இன்று என்டோகாங்காவை யூலிமிடே என்னும் குடும்பத்துக்குள் வைத்திருக்கின்றனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் கொண்ட பெருங்குடும்பம் அது. பெரும்பாலானவை அரிசி மணியளவே உள்ளவை. எல்லாம் முட்தோலிகளைச் சார்ந்தே வாழ்கின்றன. அவற்றுள் சில, பளிங்குபோல் வழவழப்பான வெண்ணிற ஊசி ஓட்டோடு, கடல் அட்டையின் மேலே ஊர்ந்து, உறிஞ்சுகுழலால் தோலைத் துளைத்து உண்ணும். வேளை முடிந்தால் இறங்கிப் போய்விடும். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் நீல நட்சத்திர மீனின் கைகளில் தைக்கா என்னும் நத்தை, ஒளி ஊடுருவும் சிறு குல்லாய்போல் அமர்ந்திருக்கும். அது அந்த இடத்தைவிட்டுப் பெயர்வதில்லை. அதன் ஓட்டின் கீழே மிகச் சிறிய ஆண் ஒன்று ஒண்டியிருக்கும். ஸ்டிலிஃபர் என்பது நட்சத்திர மீனின் தோலுக்குள்ளேயே புதைந்து, அங்கே ஒரு கட்டியை உண்டாக்கி, ஒரு சிறு துளையால் மட்டும் வெளியுலகோடு தொடர்பு கொண்டிருக்கும். அதற்கும் அப்பால் ஓடு போய், பாதம் போய், கண் போய், உடலுக்குள்ளேயே தங்கிவிட்டவை என்டோகாங்காவும் அதன் நெருங்கிய சுற்றமும். இவை ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. எல்லாம் இன்று ஒரே காலத்தில் வாழும் உறவினர்களே. எனினும், பழைய வீட்டின் அறைகளைக் கடந்து உள்ளே செல்வதுபோல, வாசலிலிருந்து கருவறைவரை ஒரு பாதையை இவை நமக்குக் காட்டுகின்றன.

இவ்விடத்தில் தொல்காப்பிய மரபியல் என் நினைவுக்கு வருகிறது. உயிர்களை அறிவின் வகையால் ஆறாக வகுத்த ஆசிரியர், நந்து என்னும் நத்தை இனத்தை ஈரறிவுயிராக வைத்தார். ஊறும் சுவையும் மட்டும் அறிவது. புல்லையும் மரத்தையும் ஓரறிவில் வைத்தார். நத்தைக்குக் கண்ணும் மோப்பமும் உண்டே என்று விலங்கியல் மாணவன் வாதாடலாம். அந்த வழக்கை இன்று எடுக்க வேண்டாம். என்டோகாங்காவின் சுற்றத்தில் எண்ட்டெரோக்ஸீனாஸ் என்று ஒன்று உண்டு. அதற்கு வாயே இல்லை, குடலும் இல்லை. கடல் அட்டையின் உடற்குழி நீரிலிருந்து தோலின் வழியே உணவை ஏற்றுக்கொள்கிறது. நாவே இல்லாதபோது சுவை ஏது? ஈரறிவில் பிறந்த இவ்வுயிர் ஓரறிவுக்கு இறங்கிப் புல்லோடும் மரத்தோடும் சேர்ந்துவிட்டது. ஆசிரியர் வகுத்த படிக்கட்டில் கீழ்நோக்கி இறங்கும் உயிரும் உண்டு என்று நமக்குக் காட்டுவது இது.

ஆனால் பிறக்கும்போது அப்படியில்லை. ஒவ்வொரு தலைமுறையும் ஓட்டோடும் மூடியோடும் பிறக்கிறது. மரபியல் இளமைக்கு ஒன்பது பெயர் சொல்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. இந்நத்தையின் சேய்க்கு எதைச் சூட்டுவது என்று நான் விளையாட்டாக எண்ணிப் பார்த்ததுண்டு. தன் குலம் இன்னது என்று சொல்லும் அடையாளம் முழுவதையும் பிள்ளைப் பருவத்தில் மட்டும் அணிந்து, பின்னர் கழற்றிவிடும் உயிர் இது. மியூலர் அந்தப் பிள்ளைகளைக் காணாமல் குழாயை மட்டும் கண்டிருந்தால், இன்றும் அது கடல் அட்டையின் பெயரறியா உறுப்பாகவே கிடந்திருக்கலாம்.

எண்ட்டெரோக்ஸீனாஸைப் பற்றி மேலும் சில சொற்கள். அதைக் கண்டறிந்து 1902இல் எழுதியவர் கிறிஸ்டீனே பொன்னெவி என்னும் நார்வே நாட்டுப் பெண்மணி. 1912இல் அந்நாட்டின் முதற்பெண் பேராசிரியராக ஆனவர். ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே உடலில் அமைந்த உயிர் என்று அவர் அதை விவரித்தார். பார்த்தவர் யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். முட்டைப்பையும் உள்ளே இருந்தது, விந்துப்பையும் உள்ளே இருந்தது. 1979இல் கோபன்ஹேகனின் யோர்கன் லுட்சன் அதை நுணுகி ஆராய்ந்து வேறொன்றைச் சொன்னார். அந்த விந்துப்பை அவ்வுடலின் உறுப்பே அன்று. வெளியிலிருந்து நுண்ணிய குழல் வழியே உள்ளே வந்த வேறோர் உயிர், ஓர் ஆண். இளவுயிரியாகக் கடலில் நீந்தி வந்து, பெண்ணின் உடலுக்குள் புகுந்து, ஓட்டை உதறி, தன் பிற உறுப்புகளையெல்லாம் இழந்து, விந்துப்பையாகவே எஞ்சிவிட்டது. கடல் அட்டைக்குள் பெண், பெண்ணுக்குள் ஆண். மியூலர் கேட்ட கேள்வி, 'இது உறுப்பா, உயிரா' என்பது, 127 ஆண்டுகள் கழித்து ஒரு படி உள்ளே சென்று மீண்டும் எழுந்தது. அதே விடையும் கிடைத்தது.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். ஒட்டுண்ணி. இதைக் கவிஞர்கள் விரும்பிப் பயன்படுத்துகிறீர்கள்; புல்லுருவி என்றும் சொல்கிறீர்கள். வட்டிக்காரனும் அரசியல்வாதியும் சோம்பேறி மருமகனும் இச்சொல்லால் அடிபடாத கவியரங்கம் அரிது. புல்லுருவிக்குப் பச்சை இலை உண்டு, வெயிலில் தன் உணவைத் தானே சமைக்கும், மரத்திடம் வாங்குவது பெரும்பாலும் நீரும் உப்பும்தான், அதன் கனி சிறு பறவைகளுக்கு இரை என்றெல்லாம் நான் எடுத்துச் சொன்னால், 'உவமைக்கு அவ்வளவு வேண்டாம் ஐயா' என்பீர்கள். வேண்டுமா, வேண்டாமா என்பதை அச்சொல் நடந்துவந்த வழியைக் கண்டபின் முடிவு செய்யுங்கள்.

ஆங்கிலம் முதலிய மொழிகளில் இதற்கு வழங்கும் 'பாரசைட்' கிரேக்கத்தில் பிறந்தது. 'தானியத்தின் அருகில் இருப்பவன்', அதாவது உடன் உண்பவன் என்பது பொருள். தொடக்கத்தில் அது மதிப்புக்குரிய சொல். கோயிலில் பூசாரிகளோடு அமர்ந்து படையலை உண்ணும் உரிமை பெற்றவரைக் குறித்தது. பின்னர் கிரேக்க நாடக ஆசிரியர்கள் அதை நகைச்சுவைப் பாத்திரத்துக்குச் சூட்டினர். செல்வர் வீட்டுப் பந்தியில் முகத்துதி பாடி வயிறு வளர்ப்பவன். விலங்கியலார் அதை நாடக மேடையிலிருந்தே எடுத்துக்கொண்டனர். ஆக, இச்சொல் நத்தையிடமிருந்து மனிதனுக்கு வந்த வசைச்சொல் அன்று. மனிதனைப் பழித்த சொல்லை நத்தைக்குச் சூட்டினோம். விலங்கியல் அதை நுண்ணோக்கியின் கீழே வைத்துக் கழுவித் தந்தபின், அறிவியல் முத்திரையோடு திரும்பவும் மனிதன்மேல் எறியத் தொடங்கினர்.

1880இல் ரே லாங்கெஸ்டர் என்னும் ஆங்கில விலங்கியலார் 'சீர்கேடு' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு சிறு நூல் எழுதினார். ஒட்டுண்ணிகள் உறுப்பிழந்து போவதை விவரித்து, எளிதாக உணவும் பாதுகாப்பும் கிடைத்தால் மனித சமூகங்களும் அவ்வாறே ஆகிவிடும் என்று எச்சரித்தார். கால், கண், ஓடு ஆகியவற்றை இழந்த நத்தை ஒழுக்கத்தையும் இழந்ததாக அன்றிலிருந்து பாடநூல்களில் ஒரு தொனி படிந்துவிட்டது. பின்னர், மியூலர் கற்பித்த அதே பெர்லினிலிருந்து ஒரு மக்களினத்தையே ஒட்டுண்ணி என்று அழைத்த அரசு எழுந்தது. ஒட்டுண்ணி என்று பெயரிட்டபின் செய்யத்தக்கது என்ன என்பதை அச்சொல்லே சொல்லிவிடுகிறது. அவர்கள் அதைச் செய்தனர்.

கவிஞர்களுக்கு இன்னும் அணுக்கமான ஒரு செய்தியும் உண்டு. 1961 மே மாதத்தில் ருஷ்யாவில் ஓர் ஆணை வந்தது. சமூகத்துக்குப் பயன்படும் உழைப்பைத் தவிர்த்து 'ஒட்டுண்ணி வாழ்க்கை' நடத்துவோரைத் தண்டிப்பது அதன் நோக்கம். அச்சொல் ஆணையின் தலைப்பிலேயே இருந்தது. பேச்சு வழக்கில் அத்தகையோரை அங்கே 'வீணே உண்பவன்' என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். நம்முடைய 'தண்டச்சோறு'க்கு மிக நெருக்கமானது. 1964இல் லெனின்கிராடில் அக்குற்றத்துக்காக ஓர் இளைஞரைக் கூண்டில் ஏற்றினர். அவர் செய்த தொழில் கவிதை எழுதுவதும் மொழிபெயர்ப்பதும். கவிஞராக உம்மை ஏற்பளித்தவர் யார் என்று நீதிபதி கேட்டார். ஃபிரீதா விக்தோரவா என்னும் பெண் எழுத்தாளர் நீதிமன்றத்தில் அமர்ந்து எடுத்த குறிப்பு கையெழுத்துப் படிகளாகப் பரவியதால் உலகம் அதை அறிந்தது. ஐந்தாண்டு கட்டாய உழைப்போடு வடக்கே அனுப்பினர். எதிர்ப்பு வலுத்ததால் 1965இல் விடுவித்தனர். அவர்தான் யோசிஃப் பிராட்ஸ்கி. 1987இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் வீட்டிலும் பார்ப்போம். பத்துப்பாட்டுள் ஆற்றுப்படைகள் ஐந்து. திருமுருகாற்றுப்படையை நீக்கினால் எஞ்சும் நான்கும், பசித்த கலைஞனுக்கு உணவும் பரிசிலும் தருபவன் இருக்குமிடத்துக்கு வழிகாட்டும் பாட்டுகள். வழியில் எங்கே என்ன சோறு கிடைக்கும் என்றுகூட விரித்துரைப்பவை. கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருளில் பார்த்தால், தானியத்தின் அருகில் அமர்ந்தவரே நம் பாணரும் பொருநரும் புலவரும். லெனின்கிராடு நீதிபதியின் முன் அவர்களை நிறுத்தினால் என்ன ஆகும்? (அவையில் சிரிப்பு.) சிரிக்கிறீர்கள். ஆனால் நம் முன்னோர் அந்த உறவில் இகழ்ச்சியைக் காணவில்லை. உண்பவனைக் காட்டிலும் ஊட்டுபவனுக்கே பெயரிட்டனர், ஓம்புதல் என்றனர். குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே உண்டு. ஒட்டுண்ணிக்கு இடம் தரும் உயிரைத் தமிழ்ப் பாடநூலில் எப்படிச் சொல்கிறோம்? ஓம்புயிர். இதை ஆக்கியவர் யாராயினும் அவர் கையை நான் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

கடல் அட்டை விரும்பியா அந்நத்தையை ஓம்புகிறது என்று கேட்கலாம். விருப்பம் என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. அதன் உணவில் ஒரு பங்கு போகிறது; அதுவும் உண்மை. நத்தையை நல்லது என்று உங்களை ஒப்புக்கொள்ளச் செய்வது என் நோக்கம் அன்று. கடல் அட்டைகள் சில நேரங்களில் தம் குடலையே வெளியே தள்ளிவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்வது உண்டு. அப்போது குடலோடு சேர்ந்து எண்ட்டெரோக்ஸீனாஸும் வெளியே போய்விடும். கணக்கு அவற்றுக்குள் அப்படியாகத் தீர்கிறது.

பௌர் 1864இல் இட்ட பெயரைச் சொல்வதாக வாக்களித்தேன். அந்தக் குழாயின் முறுக்கிய வடிவை எண்ணி ஹெலிகோசிரிங்ஸ் என்றும், அதன் வாழ்க்கையை எண்ணிப் 'பாரசிட்டா' என்றும் அவர் பெயரிட்டார். அது என்ன என்பதைத் தெளிவாக உணர்ந்து இட்ட பெயர். மியூலர் இட்டதோ, அது என்ன என்று விளங்காத நிலையில் இட்ட பெயர். ஆனால் விலங்கியலில் முந்துரிமை என்றொரு விதி உண்டு. ஓருயிருக்கு இரு பெயர் வாய்த்தால், முறைப்படி முதலில் வெளியானதே நிற்கும். பின்னது பட்டியலில் மறுபெயராக ஒடுங்கிவிடும். அவ்விதிப்படி 'ஒட்டுண்ணி' என்ற பெயர் வழக்கிழந்தது. 1852 முதல் இன்றுவரை ஏடுகளில் அந்நத்தை 'வியப்புக்குரியது' என்ற பெயரோடே இருந்து வருகிறது.